ஒரு சொட்டு ஒழுகாத சுவர்

உலகம் கைவேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது. சேர்வராயன் மலையில், நாகலூரிலிருந்து காபித் தோட்டங்களுக்குள் இரண்டு கிலோமீட்டர் இறங்கினால் வருகிற செம்பாறைக்காட்டில், கீழ்வரிசை என்று பெயர் பெற்ற பதினோரு வீடுகளின் முதுகுப்புறத்தில், நூற்று இருபது அடி நீளமும் பன்னிரண்டு அடி உயரமும் கொண்ட தடுப்புச் சுவர் ஒன்று, வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, நல்ல நேரம் பார்த்து, மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அர்ப்பணிக்க வேண்டியவர் பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். நல்ல நேரம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஒண்டிக்கடை பஜாரிலிருந்து டெம்போவில் வந்த சோபா காத்திருந்தது. வந்தவர் ரிப்பனை வெட்டினார், கல்வெட்டைத் திறந்தார், மலைவாழ் மக்களின் கண்ணீரைத் துடைக்கத் தான் பட்ட பாட்டை நாற்பது நிமிடம் விவரித்தார். பிறகு வார்டு மெம்பர் ஆராயியின் கையில் மைக்கைக் கொடுத்து, "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்றார்.

ஆராயி அதற்கு முன் மைக் பிடித்ததில்லை. பிடித்தவுடன் அது கையை விட்டுப் போகக் கூடாது என்று தோன்றிவிட்டது. "ஒரு சொட்டு ஒழுகாத சுவருங்க இது! ஒரு சொட்டு!" என்று சொன்னாள். கூட்டம் கை தட்டியது. சோபாவில் இருந்தவரும் தட்டினார்.

சுவர் ஒழுகாததற்குக் காரணம் அந்தக் கூட்டத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி ஆராயி. இன்னொருவன் அவள் புருஷன் மாதப்பன். அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார்.

மாதப்பன் தொழில் தெரிந்தவன். மண்ணுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் சுவரின் முதுகில் தேங்காமல் வெளியே வர, மூன்றடிக்கு ஒரு ஓட்டை, மூன்று வரிசை, மொத்தம் நூற்று இருபது ஓட்டை விட்டுத்தான் கட்டியிருந்தான். கோடை மழை பிடித்ததும் ஓட்டைகள் தம் வேலையைச் செய்தன. புதிதாக அடித்த வெள்ளைப் பெயிண்டின் மேல் செம்மண் தண்ணீர் நூற்று இருபது கோடுகளாக வழிந்து, நூற்று இருபது பேர் வெற்றிலை போட்டுத் துப்பியது போல் ஆயிற்று. விழாவுக்கு முதல் நாள் பந்தல் பார்க்க வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, அசிங்கமா இருக்குது? போட்டோ எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டான்.

ஆராயிதான் மாதப்பனிடம் சொன்னாள். "அதையக் கொஞ்சம் அடைச்சுப் போடுங்க. விழா முடிஞ்சதும் எடுத்துக்கலாம்." அவன் முடியாது என்றான். அவள் இரண்டாம் தடவை சொன்னாள். பிறகு கீழ்வரிசை சனம் தோட்ட வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சாக்கைக் கிழித்து உருட்டி அவளே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவன் ஓட்டைக்குள் திணித்து மேலே சிமெண்ட் பூசினான். நூற்று இருபது உருண்டை. பொழுது சாய்வதற்குள் சுவர் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது.

விழா முடிந்தது. அடைப்பை எடுக்கலாம் என்று மாதப்பன் ஆனியில் ஒரு தடவை சொன்னான். ஆடியில் ஒரு தடவை சொன்னான். அதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "நொம்ப சுத்தமா இருக்குதுங்க, எங்கூரு செவுரு எப்பப் பார்த்தாலும் அழுதுட்டு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒழுகாத சுவரின் மெம்பர் என்று ஆராயிக்கு நாகலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ்ஸில் உட்கார்ந்து போய்ப் பழகினவர்கள் லேசில் எழுந்து நிற்க மாட்டார்கள்.

கார்த்திகையில் மழை வந்தது.

மூன்று நாள் விடாமல் பெய்தது. ஊசி போடுகிற மாதிரி ஆரம்பித்து, இரண்டாம் நாள் குடத்தால் ஊற்றி, மூன்றாம் நாள் ஊற்றுகிறவனே சலித்துப் போகிற அளவுக்கு ஆனது. மலைப்பாதையில் இரண்டு கொண்டை ஊசி வளைவுக்கு நடுவே வீடு அளவுப் பாறை இறங்கி உட்கார்ந்துகொண்டது. சேலத்து வண்டி எல்லாம் அடிவாரத்தோடு சரி. கரண்ட் போனது. செல்போன் டவரும் போனது. போவதற்கு முன் கடைசியாக ஆராயியின் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அன்றைக்கு ரிப்பன் வெட்டியவர், "மக்கள் யாரும் பதற்றம் அடைய வேண்டாம், நான் உங்களோடு இருக்கிறேன்" என்று சேலத்திலிருந்து சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆராயி மேலே ஏறினாள். மலை முழுக்கக் கசிந்துகொண்டிருந்தது. பாறையில் கசிவு, மரவேரில் கசிவு, பாதையின் மண்கட்டில் கசிவு. தொட்ட இடமெல்லாம் தண்ணீர். கீழ்வரிசைக்கு மேலே வந்தபோது சுவரை எட்டிப் பார்த்தாள். மேலே பட்ட மழை வழிந்ததே தவிர, உள்ளேயிருந்து ஒரு சொட்டு வரவில்லை. சுவரின் மேல் ஓரத்தில் நேராக இருக்க வேண்டிய பெயிண்ட் கோடு நடுவில் வயிறு வைத்திருந்தது. சுவருக்கு மேல் விளிம்பில் காபிச் செடிகள் நான்கைந்து பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அவற்றின் பின்னால் மண்ணில் ஒரு வெடிப்பு. அதற்குள் கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று. உள்ளே தண்ணீர் சில்லென்று நின்றது.

தழையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மாதப்பன் அடுப்படியில் பனியனைக் காய வைத்துக்கொண்டு ராகிக் களியைக் கீரைக் குழம்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏனுங்க, செவுரு வயிறு தள்ளிட்டு நிக்குது."

அவன் உருண்டையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். "எத்தன கனம்?"

"ஒரு சாண் இருக்கும். மேல வெடிச்சிருக்குது. முழங்கை போவுது."

களி தட்டுக்குத் திரும்பியது. "அடைச்சத எடுக்கோணும்னு ரெண்டு வாட்டி சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. நாந்தான் வேண்டாம்னேன்."

"இப்ப எடுக்க முடியாது. நூத்தி இருவதையும் நோண்டறதுக்குள்ள அது நம்ம மேல வந்துரும். சனத்தக் கெளப்பு."

"கெளம்போணுமே. என்ன சொல்லிக் கெளப்பறது?"

"கலெக்டர் ஆர்டர்னு சொல்லு."

"போன வருச மழைக்கு அப்படித்தான் சொன்னேன். எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல உக்கார வெச்சேன். ஒண்ணும் ஆவுல. ஆர்டர் எங்கன்னு கேட்டாங்க. இல்லாத ஆர்டர எங்க போயிக் காட்டறது? இன்னும் அதையச் சொல்லிச் சிரிக்கறாங்க."

"அப்ப என்னதான் சொல்லுவ?"

"நடந்ததச் சொல்றேன்."

மாதப்பன் எழுந்துவிட்டான். "நடந்ததுன்னா? மாதப்பன் செவுத்துல ஓட்டைய அடைச்சுப்போட்டான்னா? ஏ புள்ள, இருவத்தி ஆறு வருசம் கொத்தனார் வேல. இந்த மலையில நாங்கட்டுன செவுரு ஒண்ணு விழுந்திருக்குதா? நாளைக்கு இந்தப் பேச்சு ஒண்டிக்கடைக்குப் போச்சுன்னா எவன் என்னயக் கூப்புடுவான்? நீ ரெண்டு மாசத்துல பதவி முடிஞ்சு ஊட்டுல உக்காந்துக்குவ. எனக்குக் கரண்டிய உட்டா என்ன தெரியும்?"

"நாஞ்சொல்லித்தான் நீங்க அடைச்சீங்கன்னு சொல்றேன்."

"சொல்லு. பொண்டாட்டி பேச்சக் கேட்டு வேலயக் கெடுத்தவன்னு அதுக்கும் சேர்த்துச் சிரிப்பானுக."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆராயி சாக்கை மறுபடி தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு மழைக்குள் இறங்கினாள்.

கீழ்வரிசையில் மழை ஒரு திருவிழா போல் நடந்துகொண்டிருந்தது. காபிப் பழம் எடுக்கப் போக முடியாததால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். பழனியம்மாள் வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி, அதற்கடியில் பெரிய குண்டானில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். பழனியம்மாளுக்கு ஐம்பது வயது. புருஷன் இல்லை, பதினோரு கோழி இருந்தது. அவள் வாய்க்குப் பயந்து எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரே அவள் கூடையை ஒரு தடவைக்கு மேல் எடை போட மாட்டார்.

"வாங்க மெம்பரம்மா," என்றாள் பழனியம்மாள். "கெழங்கு வேகறதுக்குள்ள வந்துட்டீங்க. ஆர்டரு ஏதும் வந்துருக்குதுங்களா?"

சிரிப்பு எழுந்தது.

"எல்லாரும் கெளம்போணும். எஸ்டேட் குடோனுக்கு. இப்பவே."

"எதுக்குங்க?" என்றாள் ஜெயமேரி. ஆராயியோடு ஒரே நிரையில் பழம் எடுக்கிறவள். கைக்குழந்தையை முந்தானையில் கட்டியிருந்தாள். "பள்ளிக்கூடத்துலயாச்சும் பெஞ்சு இருந்துச்சு."

"செவுரு விழுவும்."

இந்த முறை சிரிப்பு பெரிதாக வந்தது. பழனியம்மாள் கிழங்கு குத்திப் பார்க்கிற குச்சியால் சுவரைக் காட்டினாள். "அந்தச் செவுருங்களா? ஊருல இருக்கற பாறையெல்லாம் ஒழுகுது, எங்கூட்டுக் கூரை ஒழுகுது, எம்மூக்கு ஒழுகுது. அது மட்டும் ஒரு சொட்டு ஒழுகல. நீங்கதானுங்க மைக்குல சொன்னீங்க? நாங் கை தட்டுனேன், கை செவந்து போச்சு."

"அது ஒழுகாததுதான் கேடு," என்றாள் ஆராயி. "தண்ணி வெளிய வாரதுக்கு அவரு நூத்தி இருவது ஓட்ட உட்டிருந்தாரு. விழாவுக்கு அசிங்கமா இருக்குதுன்னு நாந்தான் அடைக்கச் சொன்னேன். சாக்கு உருட்டிக் குடுத்தது எங்கையி. அப்பறம் எடுக்கோணும்னு அவரு ரெண்டு தடவ சொன்னாரு. நல்லா இருக்குது, இருக்கட்டும்னு நாந்தான் உட்டுட்டேன். மூணு நாள் மழையும் அதுக்குப் பின்னாலதான் நிக்குது."

பழனியம்மாள் குச்சியைக் கீழே வைத்தாள். "ஆறு மாசமா?"

"ஆமாங்க."

"ஆறு மாசமா எங்கள இதுக்கு அடியில தூங்க உட்டுருக்கறீங்க."

"ஆமாங்க."

"உங்கூடு மேல இருக்குது."

"ஆமாங்க."

"ஆமாங்க ஆமாங்கன்னா? வேற ஒண்ணுஞ் சொல்றதுக்கு இல்லீங்களா உங்களுக்கு?"

"திட்டறத குடோன்ல உக்காந்து திட்டுங்க அக்கா. நா எங்கயும் போக மாட்டேன். இப்ப எந்திரிங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. பொய்க்குக் கிளம்பிப் பழகியவர்கள், உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "இதும் போன வருசம் மாதிரி ஒரு கதையா இருந்தா?" என்றான்.

அப்போது சுவரின் கிழக்கு ஓரத்தில் 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. மாதப்பன் பனியனோடு நனைந்துகொண்டு, கையில் கடப்பாரையோடு நின்றான். வயிறு தள்ளாத ஓரமாகப் பார்த்து, மேல் வரிசை ஓட்டையின் பூச்சைக் கொத்தினான். மூன்றாவது குத்தில் பூச்சு பெயர்ந்தது. கடப்பாரை நுனியை விட்டு இழுத்தான். அழுகிய சாக்கு உருண்டை தெறித்து விழ, அதன் பின்னால் செந்தண்ணீர் கை கனத்துக்குப் பாய்ந்து, பத்தடி தள்ளிப் பழனியம்மாள் கட்டியிருந்த துணிக்கொடியை அறுத்தது. தண்ணீர் நிற்கவில்லை. சாணி கரைத்த மாதிரி, மண்ணோடு, முனகிக்கொண்டு வந்தது.

"அடைச்சது நானு," என்றான் மாதப்பன். யாரையும் பார்க்காமல் சுவரிடம் சொல்வது போல் சொன்னான். "பொம்பள சொன்னான்னு கொத்தனாரு கேக்கலாமா? எந்தொழிலு எனக்குத் தெரியோணும். தெரிஞ்சுதான் அடைச்சேன்." அடுத்த ஓட்டைக்குக் கடப்பாரையை ஓங்கினான்.

"போதுமுங்க!" என்று கத்தினாள் ஆராயி. "அத உட்டுட்டு சனத்தப் பாருங்க."

முதலில் ஜெயமேரி எழுந்தாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள்.

மனிதர்கள் ஆபத்தில் எதை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதை வைத்து அவர்கள் மனதைப் படிக்கலாம் என்று அறிஞர்கள் சொல்லக்கூடும். கீழ்வரிசையில் ஏழு பேர் டிவியை எடுத்தார்கள். ஒருவன் ரிமோட்டை மட்டும் எடுத்தான். ஆராயி முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒவ்வொன்றாக உள்ளே போய், ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்து, கதவைச் சாத்தி, அதில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டாள். கதவில் கரி இல்லாத வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பத்து வீட்டில் கோடு விழுந்தது. பதினோராவது வீட்டில் பழனியம்மாள் கோழி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது கெடச்சுது. ரெண்டு பரண் மேல ஏறிக்கிச்சு."

"உட்டுட்டு வாங்க."

"நீங்க சொல்லி நாங்க உட்டதெல்லாம் போதுமுங்க."

ஆராயி பரண் மேல் ஏறினாள். கோழிகள் மெம்பருக்குரிய மரியாதை எதுவும் தராமல் கூரை இடுக்குக்குள் போய்விட்டன. பின்சுவருக்கு அந்தப் பக்கம், பல்லைக் கடிப்பது போல் ஒரு சத்தம் மெதுவாகக் கேட்டது. அவள் கீழே குதித்து, பழனியம்மாளின் கையைப் பிடித்தாள். பழனியம்மாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தாள். காலைக் கட்டிய ஒன்பதையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அடுப்பில் இருந்த குண்டானையும் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டார்கள்.

குடோன் வாசலில் ரைட்டர் ஏசுராஜ் குடையோடு நின்றார். எஸ்டேட் கணக்கும் சாவியும் அவர் பொறுப்பு. கீழ்வரிசையின் நாற்பத்து மூன்று பேரும் மழையில் நிற்க, அவர் சாவியைச் சட்டைப்பையில் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"மொதலாளிக்கிட்ட பர்மிசன் வாங்காமத் தொறக்க முடியாதுங்கம்மா. உள்ள முன்னூறு மூட்ட காபி. காபி எந்த வாசத்தையும் புடிச்சுக்கும். சனம், கோழி, ஈரத்துணி... நாளைக்குக் குடிச்சுப் பாக்கறவன் கோழிக் காபின்னு சொன்னா நாந்தானே பதில் சொல்லோணும்?"

"மொதலாளிக்குப் போன் போடுங்க."

"டவரு இல்லீங்களே."

"அப்ப அவரு வேண்டாம்னு சொல்லலீல்ல? எம்பேரச் சொல்லுங்க ரைட்டரு. நாந்தான் பூட்ட ஒடச்சேன்னு சொல்லுங்க. அவருகிட்ட கடப்பார இருக்குது," என்று ஆராயி மாதப்பனைக் காட்டினாள். "ஒடைக்கறதா, தொறக்கறதா?"

ஏசுராஜ் கடப்பாரையைப் பார்த்தார். ஜெயமேரியின் முந்தானையில் இருந்த குழந்தையைப் பார்த்தார். "ஒடச்சா புதுப் பூட்டு வேணும்னு ஆபீசுக்கு இன்டென்ட் எழுதிப் போடோணும்," என்று முனகிக்கொண்டே திறந்தார். பத்து நிமிடத்தில் அவரே அடுப்பு மூட்டி, உடைந்த கொட்டையில் கருங்காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோழிகளை மட்டும் மூட்டைகளிலிருந்து தள்ளி, தராசுக்கு அந்தப் பக்கம் கட்டச் சொன்னார்.

ஆராயி தலைகளை எண்ணினாள். நாற்பத்து மூன்று. இன்னொரு தடவை எண்ணினாள். அதே நாற்பத்து மூன்று.

ஐந்தரை மணிக்குச் சுவர் விழுந்தது. இடி மாதிரி இல்லை. யாரோ பெரிய சாக்கிலிருந்து உருளைக்கிழங்கைக் கொட்டுகிற மாதிரி ஆரம்பித்து, அது முடியாமல் நீண்டுகொண்டே போயிற்று. குடோன் தரை அதிர்ந்து, தராசின் தட்டு தானாக ஆடியது. மாதப்பன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வருடத்தில் அவன் கட்டி விழுந்த முதல் சுவர். ஆராயி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பழனியம்மாள் குண்டானைத் திறந்து கிழங்கை எல்லாருக்கும் எடுத்து வைத்தாள். ஆராயியிடம் வந்தபோது நின்றாள். "கோவம் போகல. போகவும் போகாது," என்றாள். "வெந்துபோச்சு, தின்னுங்க."

ஏழு வீடுகள் மண்ணுக்கடியில் போயிருந்தன. இரண்டு கோழி செத்தது. வேறு யாரும் சாகாததால் பத்திரிகைகளுக்கு அதில் ஆர்வம் இல்லை; சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம் அடைந்த செய்திதான் வந்தது. ஐந்தாம் நாள் பாதை திறந்ததும் ரிப்பன் வெட்டியவர் வந்து, தன் முன்னெச்சரிக்கைக் குரல் பதிவால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டதை எடுத்துச் சொன்னார். விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஆராயி, அடைக்கச் சொன்னது நான் என்று தன் கையால் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். "இப்படியெல்லாம் எழுத வேண்டாம்மா, இயற்கைப் பேரிடர்னு போட்டா எல்லாருக்கும் நல்லது" என்று அவர் கருணையோடு சொன்னார். அவள் காகிதத்தைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டாள். அவர் பெருமூச்சோடு அதை ஃபைலில் வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஃபைலை யாரும் பார்க்கவில்லை.

மண்ணை அள்ளியபோது, பழைய கல்வெட்டு கீறல்கூட இல்லாமல் பழனியம்மாள் வீட்டு அடுப்படியில் மல்லாந்து கிடந்தது. நல்ல வழவழப்பான கல். அவள் அதில்தான் இப்போது துணி துவைக்கிறாள். அதில் நான்காவது வரியாக இருந்த ஆராயியின் பெயரை மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பதாக ஜெயமேரி சொல்கிறாள். அரசாங்க வேலைக்கு மாதப்பனை யாரும் கூப்பிடவில்லை. இடிந்த ஏழு வீட்டின் அஸ்திவாரத்தை அவன்தான் போட்டுக் கொடுத்தான். கூலி பற்றிப் பேச வந்தவர்களை, கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டினான். ஆராயி தினமும் சாந்துச் சட்டி சுமந்தாள். தை மாதம் பதவிக்காலம் முடிந்த அன்றைக்கும் சுமந்தாள். நாகலூர் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போகிறாள்.

அடுத்த வைகாசியில் புதுச் சுவர் திறப்பு விழா நடந்தது. வேறு கொத்தனார், அதே சோபா. ஆராயிக்கு அழைப்பு இல்லை. சித்தாள்களோடு சித்தாளாகப் பின்வரிசையில் நின்றுகொண்டு, பேச்சு நடக்கிற நேரத்தில் அவள் உதடு அசையச் சுவரின் ஓட்டைகளை எண்ணினாள். பக்கத்தில் நின்ற பழனியம்மாளும், அவளை நம்பாமல், தனியாக எண்ணினாள்.

நூற்றுப் பதினாறு இருந்தது. மீதி நாலு புதுக் கல்வெட்டுக்குப் பின்னால் இருந்தது.